செல்ஃப் எடுக்காத சிறு டிராக்டர்

நம் நாட்டில் மாநிலம் விட்டு மாநிலம் சென்றால் மொழி மாறுகிறது. உணவும் உடையும் மாறுகின்றன. ஆனால் டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறைக்குள் நுழைந்தால் மாறாத சொல் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியவுடன் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிவிடும் மோட்டாருக்கு மகாராஷ்டிரத்து நாசிக்கிலும் ‘செல்ஃப்’ என்றே பெயர். பஞ்சாபிலுள்ள அபோஹரிலும் ‘செல்ஃப்’ என்றே பெயர். நம் கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும் அதே பெயர்தான். ஆதலால், வெளி மாநிலத்தில் பழத்தோட்டமோ பண்ணையோ பார்த்துவரும் தமிழன்பர் ஒருவர், அவ்வூர் மொழி முற்றும் பழகாதவராயினும், வண்டியின் நோவைச் சொல்லிவிடுவது எளிது. வரும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: ‘செல்ஃப் கராப், புதிதாகப் போட வேண்டும்.’ இவ்விடை மெய்தானா என்று தெரிந்துகொள்ள மொழியறிவு உதவாது. மின்சாரம் எவ்வழியாக வருகிறது, எவ்விடத்தில் வீணாகிறது என்ற அறிவுதான் உதவும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது, 15 முதல் 20 குதிரைத்திறன் வரை உள்ளதும், திராட்சைக் கொடிகளுக்கும் கின்னோ மரவரிசைகளுக்கும் இடையே புகுந்து செல்லக்கூடியதுமான சிறு டீசல் டிராக்டர். அதிலும் பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த பழைய வண்டி. ஒரு நாள் காலையில் அது கிளம்பாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று தோட்டக்காரர் எவரும் கேட்கமாட்டார். நாசிக் வட்டாரத்தில் அக்டோபரில் கவாத்துச் செய்த கொடிகளின்மேல் பருவம் தவறிய மழை விழுந்துவிட்டால், அடிச்சாம்பல் நோய் பரவுமுன் மருந்தடித்தாக வேண்டும். மருந்தடிக்கும் கருவியை ஓட்டுவது இதே டிராக்டர்தான். அபோஹரிலோ, கின்னோப் பழம் பறிப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்நாட்களில்; வண்டி முரண்டு பிடிப்பதும் அந்நாட்களில்தான். நெருக்கடியில் நிற்பவர் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார். பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் புது மோட்டார் பொருத்திய மறுவாரமே பழைய நோவு திரும்பிவிடுவதும் உண்டு. ஏனெனில் நோவு மோட்டாரில் இருந்ததே இல்லை. பழைய வண்டிகளில் செல்ஃப் எடுக்காமைக்கு மோட்டார் காரணமாக இருப்பது குறைவு; மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேராததே மிகுதி.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளை முன்னால் நின்று கைப்பிடி கொண்டு சுழற்றியே கிளப்ப வேண்டியிருந்தது. எஞ்சின் எதிர்பாராமல் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் வகுத்த மின்சாரக் கிளப்பி 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. சிறியதொரு மோட்டாருக்குச் சில விநாடிகள் மட்டும் மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்து, அதனைக்கொண்டு பெரிய எஞ்சினைச் சுழற்றிவிடுவதே அதன் தத்துவம். நீடித்து ஓடினால் எரிந்துவிடக்கூடிய மோட்டார் அது. சில விநாடியோடு வேலை முடிந்துவிடுவதால் பிழைத்துக்கொள்கிறது. ‘தானே கிளப்பிக்கொள்வது’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரின் முற்பாதிதான் நம் பட்டறைகளில் ‘செல்ஃப்’ என்று நிலைத்துவிட்டது.

பாட்டரியிலிருந்து செல்ஃபுக்குச் செல்லும் பாதைகள் இரண்டு. ஒன்று, கட்டளை செல்லும் சிறிய பாதை. அது பியூஸ் வழியாகச் சாவிக்கும், சாவியிலிருந்து கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் மிதிபட்டிருக்கிறதா என்று பார்க்கும் காவல் சுவிட்சுகளுக்கும், அங்கிருந்து மெல்லிய வயர் ஒன்றின் மூலம் சோலினாய்டின் சிறு முனைக்கும் போகிறது. மற்றொன்று, பெரிய பாதை. அது பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து விரற்பருமனுள்ள கேபிள் வழியாகச் சோலினாய்டின் பெரிய போல்ட்டுக்கு வந்து, மோட்டாருக்குள் புகுந்து, மோட்டாரின் உடல் வழியாக எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து எர்த் பட்டை வழியாகப் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் திரும்புகிறது. சாவியின் கட்டளை வந்தவுடன் சோலினாய்டுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு இழுபடுகிறது. அது ஒரு பக்கம் செல்ஃபின் சிறு பற்சக்கரத்தை எஞ்சினின் பெரிய பற்சக்கரத்தோடு கோத்துவிட்டு, மறுபக்கம் செப்புத் தகடு ஒன்றை இரு பெரிய போல்ட்டுகளின்மேல் அழுத்துகிறது. அப்போதுதான் பெரிய பாதை இணைகிறது.

அப்பெரிய பாதையில் ஓடும் மின்சாரம் எவ்வளவு? டிராக்டரின் ஒரு முன்விளக்கு எடுப்பது ஏறக்குறைய 4 அல்லது 5 ஆம்பியர். செல்ஃபோ, இத்தகைய சிறு டீசல் எஞ்சினில்கூட 150 முதல் 250 ஆம்பியர் வரை கேட்கிறது. செல்ஃப் நோவுகளின் சூட்சுமம் முழுவதும் இந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது.

ஏரி நிறைந்திருந்தும் கடைமடை காய்வதை நாம் கண்டதுண்டு. தண்ணீர் இல்லாமற் போகவில்லை. வாய்க்காலில் தூர் மண்டியிருக்கிறது. மின்சார வாய்க்காலில் தூர் என்பது இணைப்புகளிலுள்ள துருவும் களிம்பும் தளர்ச்சியுமே. ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்குத் தடை, அதாவது 0.01 ஓம், ஓர் இணைப்பில் உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்விளக்கின் 5 ஆம்பியர் அதன்வழி செல்லும்போது இழப்பது 0.05 வோல்ட், விளக்குக்கு அது தெரியவே தெரியாது. செல்ஃபின் 200 ஆம்பியர் அதே இணைப்பின் வழி செல்ல முயலும்போது இழப்பது 2 வோல்ட். பன்னிரண்டில் இரண்டு போயிற்று. பாரத்தின்கீழ் பாட்டரியே ஒன்றரை வோல்ட் இறங்கியிருக்கும். எர்த் பட்டையில் இன்னும் சிறிது போகும். கடைமடையாகிய மோட்டாருக்கு எட்டு வோல்ட் சென்றால் அது எஞ்சினை எங்ஙனம் சுழற்றும்?

‘விளக்கு நன்றாக எரிகிறது, ஆகவே பாட்டரியும் வயரும் சரி, செல்ஃப்தான் கெட்டது’ என்ற வழக்கமான வாதம் ஏன் நிற்காது என்பது இதனால் விளங்கும். உள்ளே அரித்துப்போய் நாலைந்து இழை மட்டும் எஞ்சியுள்ள கேபிளும் விளக்கை ஒளிர வைக்கும். சோதனைப் பல்பைக் கொண்டு தொட்டால் பல்பும் பிரகாசமாக எரியும். பெரிய மின்னோட்டம் பாயும் நேரத்தில் சோதித்தாலன்றி அதன் உண்மை வெளிப்படாது.

சோதனைக்கு முன் செய்யவேண்டியது, வண்டி சொல்வதைக் காதால் கேட்பது. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் காதுக்குக் கண்ணும் துணையாகும். ‘டக டக டக’ என்று விடாமல் தட்டி, விளக்கும் அதற்கேற்பத் துடித்தால், பாட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது பெரிய பாதையில் எங்கோ தூர் மண்டியிருக்கிறது. இத்தட்டலுக்குக் காரணம் சுவையானது. சோலினாய்டுக்குள் இரு சுருள்கள் உண்டு. ஒன்று தண்டை இழுப்பது, மற்றொன்று இழுத்த தண்டைப் பிடித்து நிறுத்துவது. பெரிய பாதை இணைந்தவுடன் இழுக்கும் சுருள் ஓய்ந்துவிடும். பிடிக்கும் சுருள் தனியே நிற்கும். அந்நொடியில் மோட்டாரின் பாரத்தால் மின்னழுத்தம் சரிந்துவிட்டால் பிடி நழுவித் தண்டு விழுகிறது. தண்டு விழுந்ததும் பாரம் நீங்கி அழுத்தம் மீள்கிறது. தண்டு மீண்டும் இழுபடுகிறது. இதுவே நமக்கு ‘டக டக’ என்று கேட்கிறது. பாட்டரியில் நிறைவும் இணைப்புகளில் தூய்மையும் இருந்தும் இவ்வொலி நிற்காவிடில், பிடிக்கும் சுருள் அறுந்திருக்கக்கூடும்.

‘டக்’ என்று ஒரே ஒலி கேட்டு, விளக்கு சிறிதும் மங்காமல் இருந்தால், கட்டளை வந்துவிட்டது, பெரிய மின்சாரம் ஓடவில்லை என்று பொருள். சோலினாய்டின் செப்புத் தகடு கருகியிருக்கலாம். மோட்டாரின் கார்பன் தேய்ந்து தீர்ந்திருக்கலாம். அதே ‘டக்’ ஒலியோடு விளக்கு அறவே மங்கினால், இணைப்பு மோசமானது, அல்லது பாட்டரி வறண்டது, அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகிப்போனது. சோம்பலாக ‘உர்... உர்...’ என்று சுழன்றால் பாட்டரி, கேபிள், குளிரில் தடித்த எண்ணெய் ஆகியவற்றின்மேல் ஐயம் செல்ல வேண்டும். ‘விர்’ரென்று மோட்டார் மட்டும் சுழன்று எஞ்சின் அசையாவிடில், மெக்கானிக்குகள் பெண்டிக்ஸ் என்று சொல்லும் பற்சக்கரப் பகுதி கெட்டிருக்கிறது. ஒலியே இல்லையெனில் சிறிய பாதையை நாட வேண்டும்; அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

பாட்டரியைச் சோதிக்க, எங்கும் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பாட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவு காட்டினால் நிறைவு, 12.4 எனில் முக்கால், 12.2 எனில் அரை, 12.0 எனில் கால் பங்குதான். 10.5 என்று காட்டினால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று எண்ண இடமுண்டு; ஏனெனில் ஓர் அறையின் பங்கு 2.1 வோல்ட். மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டர் இன்னும் நல்ல சாட்சி. வெப்ப நாடுகளுக்கென்று செய்த பாட்டரியில், நிறைந்த நிலையில், 1240-ஐ ஒட்டிக் காட்டும். ஆறு அறைகளும் ஒத்துக் குறைந்திருந்தால் சார்ஜ் செய்தால் தேறிவிடும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி தாழ்ந்து நின்றால் அப்பாட்டரியின்மேல் மேலும் பணம் போடுவது வீண். தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த பாட்டரித் தண்ணீரே விட வேண்டும். ஆசிட் விடுவது தவறு. ஆவியாகிப் போவது தண்ணீர்தானே தவிர ஆசிட் அன்று.

தென்னாட்டில் பழகியவருக்குக் குளிரின் கொடுமை புதிது. 27 டிகிரி செல்சியஸில் பாட்டரியின் கிளப்பும் வலிமையை நூறு என்று கொண்டால், 0 டிகிரியில் அது ஏறக்குறைய 65 ஆகிவிடுகிறது. பஞ்சாபின் ஜனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்கும் கீழே இறங்குவது அரிதன்று. எஞ்சினுக்குள் எண்ணெயும் அப்போது தடித்துவிடுவதால் சுழற்றும் பாரமோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பத்தின் நிலை! நவம்பர் வரை குறையின்றிக் கிளம்பிய வண்டி ஜனவரியில் மறுப்பதற்கு இதுவே காரணம். புதிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை, கோடையிலேயே இருந்த குறை குளிரில் வெளிப்பட்டது.

இனிப் பெரிய பாதையை அளக்கும் முறை. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தே வைத்துவிட வேண்டும். எஞ்சின் சுழலலாம், கிளம்பக்கூடாது. ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றொருவர் சக்கரங்களுக்கும் விசிறி பெல்ட்டுக்கும் எட்டி நின்று மீட்டரைப் பார்ப்பது நலம். வேட்டி முனையும் தோள்துண்டும் பெல்ட்டுக்கு அருகே தொங்கலாகாது. ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃபை ஓட்டாமல், அடுத்த முறைக்குமுன் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, முதலில் பாட்டரியின் இரு ஈய முனைகளிலும் பிடித்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நிறைந்த பாட்டரி, செல்ஃப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. இறங்கினால், பாட்டரி நலிந்தது, அல்லது மோட்டார் இறுகியது. இறங்காமல் நின்றும் எஞ்சின் சோம்பிச் சுழன்றால், பெரும்பாலும் வாய்க்காலில்தான் இழப்பு. இப்போது மீட்டரின் சிவப்பு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலேயே, கவ்வியில் அன்று, வைத்துக்கொண்டு, கறுப்பு முனையை மோட்டாருக்குள் மின்சாரம் புகும் போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பாதபோது மீட்டர் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், பாதை அப்போது திறந்து கிடக்கிறது. திருப்பியவுடன் அது அரை வோல்ட்டுக்குள் விழ வேண்டும். அதற்கு மேல் நிற்பது எத்தனை வோல்ட்டோ அத்தனையும் வழியில் வீணாவது. பிறகு எர்த் பக்கம்: ஒரு முனை பாட்டரியின் நெகட்டிவ் ஈய முனையில், மற்றொன்று மோட்டாரின் உடலில். இங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருத்தல் கூடாது.

இழப்பு இருப்பது தெரிந்தால் இடத்தைக் குறுக்கிக்கொண்டே வருவது எளிது. ஈய முனைக்கும் அதன்மேல் ஏறியிருக்கும் கவ்விக்கும் நடுவே எவ்வளவு? கவ்விக்கும் கேபிளின் மறுமுனைக்கும் நடுவே எவ்வளவு? சோலினாய்டின் இரு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே எவ்வளவு? ‘டக்’ ஒலி கேட்டும் இவ்விரு போல்ட்டுகளுக்கு நடுவே 12 வோல்ட் குறையாமல் நின்றால் உள்ளேயுள்ள செப்புத் தகடு கருகிவிட்டது, மோட்டார் நிரபராதி. மீட்டரே கையில் இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. 200 ஆம்பியர் 2 வோல்ட்டை இழக்கும் இணைப்பில் 400 வாட் வெப்பம் பிறக்கிறது. நாலைந்து முறை முயன்ற பிறகு சாவியை எடுத்துவிட்டு இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மற்றவை குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் சுடுமாயின் கள்வன் அகப்பட்டான்.

என் கணிப்பில், பழைய தோட்ட டிராக்டர்களில் முதல் ஐயத்துக்குரியது எர்த் பட்டை. பாசிட்டிவ் கேபிளைக் கவனிப்போர் உண்டு. எர்த் பட்டையை எவரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. சேறும் மருந்துக் கரைசலும் பட்டு அது அரித்துப்போகிறது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கும்போது பட்டையைக் கழற்றிப் பெயிண்டின்மேலேயே திரும்ப முடுக்கிவிடுவோரும் உளர். பெயிண்ட் மின்சாரத்துக்குச் சுவர். பட்டை அமரும் இடத்தை இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினாலே எழுந்துவிடும் வண்டிகள் பல.

இணைப்புகளைச் சுத்தம் செய்வதற்கும் முறை உண்டு. கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் தொட வேண்டும். மாறிச் செய்தால் பாசிட்டிவ் முனையைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு அப்பொறியில் வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கக்கூடும். பீடி, சிகரெட்டுக்கும் அவ்விடத்தில் வேலை இல்லை. பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது; அத்தகைய வண்டி கையிலிருப்பவர் முனைகளை நோக்கி உறுதி செய்துகொள்க. வெண்பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பை ஆப்பச் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவலாம். சோடா நீர் பாட்டரிக்குள் இறங்கலாகாது.

இனி, ஒலியே இல்லாத வண்டி. இதில் சோதனையின் நடுமையம் சோலினாய்டின் சிறு முனை. ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, அம்முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். வந்தும் தண்டு அசையாவிடில் நோவு சோலினாய்டில், அல்லது மோட்டாரிலும் அதன் எர்த்திலும். வராவிடில் அதற்கு முன்னால்: பியூஸ், சாவியின் உட்புறம், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச். கிளட்சை ஆழ மிதித்தும், கியர்த் தண்டைச் சற்றே அசைத்தும் முயன்றால் சில வேளை எடுக்கும், சில வேளை எடுக்காது என்றால் அந்தச் சுவிட்சுகளே இடம் பெயர்ந்திருக்கின்றன. 12-க்குப் பதிலாக 8 அல்லது 9 மட்டும் வருவதும் உண்டு. அது தேய்ந்த சாவியின் வேலை. சோலினாய்டுக்கு அருகே ரிலே ஒன்றை வைத்து, அதன் பெரிய முனைகளுக்குப் பாட்டரியிலிருந்து பியூஸுடன் நேரே மின்சாரம் கொடுத்து, சாவியிலிருந்து வரும் வயரை ரிலேயின் சுருளுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் குறைந்த செலவில் தீர்ந்துவிடும். காவல் சுவிட்சுகள் அவ்வயரிலேயே தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இவ்விடத்தில்தான் பெரும் தீங்கு நிகழ்கிறது. சாவி எடுக்காவிட்டால் திருப்புளி ஒன்றைச் சோலினாய்டின் முனைகளுக்குக் குறுக்கே வைத்து வண்டியைக் கிளப்பிக் காட்டுவதைக் கைத்திறனாகக் கருதுவோர் நாடெங்கும் உளர். அத்திருப்புளி தாண்டிச் செல்வது வயரை மட்டுமா? கியர் நியூட்ரலில் இல்லாவிடில் செல்ஃபைச் சுழலவிடாத காவலையும் அது தாண்டிவிடுகிறது. திருப்புளியுடன் நிற்பவரோ தரையில், பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறார். கியரில் கிடக்கும் டிராக்டர் கிளம்பிய கணமே நகரும். விலக நேரம் கிடைக்காது. இங்ஙனம் தம் வண்டியின் சக்கரத்தின்கீழேயே உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. செல்ஃபைக் கிளப்ப ஒரே இடம் இருக்கை; வேறு இடம் இல்லை.

காவல் சுவிட்ச் தொல்லை கொடுத்தால் அதன் இரு வயர்களையும் முறுக்கி ‘டைரக்ட்’ கொடுத்துவிடும் வழக்கமும் இதற்கு உடன்பிறப்பு. சுவிட்சின் விலை அற்பம். டைரக்ட் கொடுத்த வண்டியை நாளை ஓட்டப்போவது தோட்டத்துப் பையனாக இருக்கலாம். பழைய டிராக்டர் வாங்குவோர் இதனைச் சோதித்துக்கொள்ளலாம். கியர் நியூட்ரலில் இருக்க, சுவிட்சுக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்புக. அப்போதும் செல்ஃப் சுழலுமாயின் முன்னே வைத்திருந்தவர் எவரோ டைரக்ட் கொடுத்துவிட்டார்.

மோட்டாரே கெட்டிருப்பதும் உண்டு. கார்பன் தேய்தல், கார்பன் உராயும் செப்புப் பகுதி கருத்தல், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் சரிந்து உராய்தல் ஆகியவை அதன் வழக்கமான முதுமை. கார்பனும் புஷ்ஷும் மாற்றினால் தேறும் மோட்டார்கள் மிகப் பல. ஆர்மேச்சர் எரிந்திருந்தால்தான் பெருஞ்செலவு. ‘புதிது போட வேண்டும்’ என்று சொல்லும் பட்டறையில், கழற்றிய மோட்டாரை மேசைமேல் அசையாமல் பிணைத்துப் பாட்டரி கொடுத்துக் காட்டும்படி கேளுங்கள். அது சுழலாவிடில் அவர் சொல் மெய். விரைந்து சுழன்றால் முழுச் சான்று ஆகாது, பாரமின்றிச் சுழல்வது எளிது. எனினும் பாதையை அளக்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதற்கு அது போதிய காரணம். மாற்றினால் பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொள்க.

செல்ஃப் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையெனில் அது வேறு வழக்கு. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறும் காற்றே அதற்குத் தீ. சிறிய எஞ்சின்களில் குளிர்காலையில் அச்சூடு போதாமையால் ஹீட்டர் பிளக்குகள் துணை செய்கின்றன. அவற்றின் வயரைக் கழற்றி மீட்டரில் ஓம் அளவு பாருங்கள். நல்ல பிளக் ஓர் ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டும், எரிந்தது ஒன்றும் காட்டாது. ஹீட்டர் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்துக் கிளப்புவது வெடிப்புக்கு அழைப்பு. அதனை அறவே தவிர்க்க.

பாட்டரி அடிக்கடி இறங்கினால் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழ் எனில் பெல்ட் தளர்ந்ததா, டைனமோவின் கார்பன் தேய்ந்ததா, ரெகுலேட்டர் கெட்டதா என்று தேடுக. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பாட்டரியைக் கொதிக்க வைக்கிறது. கிளப்புவதனாலேயே பாட்டரி தீர்கிறது என்பது பலர் எண்ணம். கணக்குப் போட்டால் அவ்வாறு இல்லை. 200 ஆம்பியர் வீதம் 5 விநாடி என்பது ஓர் ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 10 ஆம்பியர் தரும் டைனமோ அதனை இரண்டொரு நிமிடத்தில் ஈடுசெய்யும். பாட்டரியைத் தீர்ப்பது, வண்டி நிற்கும்போது கசியும் மின்சாரம். 0.1 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, இருபது நாளில் 48. பாட்டுப் பெட்டி பொருத்தியிருக்கும் டிராக்டர்களில் இக்கசிவை முதலில் அப்பெட்டியில் தேடலாம்.

அறுவடை முடிந்து வண்டியை மாதக்கணக்கில் கொட்டகையில் விடுபவர் எர்த் முனையைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை பாட்டரியைச் சார்ஜ் செய்வது போதும். வெப்பம் கூடக்கூடப் பாட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடுவதால், வடநாட்டு மே, ஜூன் மாதங்களில் இதனைத் தவறவிடலாகாது. திரும்ப எடுக்கும் நாளில், சாவியைத் தொடுமுன், சோலினாய்டுக்குச் செல்லும் மெல்லிய வயரை ஒரு முறை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். கொட்டகை எலிக்கு அந்த வயரின் உறை மிகவும் பிடித்தமானது.